திருப்பிக் கொடுக்க வேண்டிய நீலப் பெட்டி

லண்டனை விட்டு வெளியே போனால் ஊர்களை நான் பெயர் வாசித்து அறிகிறவள் அல்ல. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், மெல்ல மெல்ல. இங்கிலீசில் பெரிய எழுத்துகள் தெரியும். ஸ்டேஷன் பலகையில் முதல் எழுத்தைப் பார்ப்பேன், கடைசி எழுத்தைப் பார்ப்பேன், பெயர் நீளமா கட்டையா என்று பார்ப்பேன். பிடித்துவிடுவேன். அதற்கு மேல் ஊரே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். லீ என்ற ஊரில் கால் வைத்த இடமெல்லாம் சிப்பி நொறுங்கும். விட்ஸ்டபிளில் அதே சிப்பி ஓடுகளை ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருப்பார்கள். ரை என்ற ஊரில் பழைய மரவீடுகள், கலியாண வீட்டில் களைத்துப்போன கிழவிகள் மாதிரி ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். ஹேஸ்டிங்சில் கடற்கரையிலேயே கறுப்பு மரக் கொட்டில்கள், ஒல்லியாக, உயரமாக, நெருக்கமாக. வலை வைப்பதற்காகக் கட்டியவை. அவற்றைக் கண்டால் பலகை எதற்கு?

நான் பிறந்த இடத்தைச் சுற்றிக் கடல்தான். ஆனாலும் எங்களுடையது தோட்டம் செய்து பிழைத்த குடும்பம். மீன் சைக்கிளில் வேலிப் படலைக்கு வரும். எங்கள் வீட்டுப் பெண்கள் கரைப்பக்கம் போவதில்லை. அது அந்தக் காலத்து வீம்பு. இன்று நினைத்தால் எனக்கே பிடிப்பதில்லை. ஆக, கடலை நான் வடிவாகப் பார்த்தது விமானத்தின் யன்னலால்தான். பிறகு லண்டன். குரோய்டனில் அகதிகளைப் பதிகிற அந்தப் பெரிய கட்டடத்தின் முன்னால் குளிருக்குள் வரிசையில் நின்றோம். பிறகு மனோர் பார்க்கில் ஓர் அறை, அதன் பிறகு ஒரு வீடு. சான்ட்விச் கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். விடியற்காலையில் அலுவலகங்கள் துடைத்தேன். என் கணவர் பெட்ரோல் செட்டில் நின்றார். பெனிபிட், அரசாங்க உதவிப் பணம் என்று ஒரு நாளும் யாரிடமும் கை நீட்டியதில்லை. அதை நான் பெருமையாகத்தான் சொல்வேன், யாருக்குப் பிடிக்காவிட்டாலும்.

அவர் போன பிறகு மகளோடும் மருமகனோடும் இருக்கிறேன். மகள் மருந்துக்கடையில் வேலை. நல்ல பிள்ளை. ஆனால் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி அலுமாரியில் வைத்துப் பூட்டப் பார்ப்பாள்.

பயணம் என்ற ஒன்றை எனக்குப் பழக்கியவர் சுவிஸ் அக்கா. சுவிசில் கனகாலம் இருந்துவிட்டுப் பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்தவர். எனக்கு வயதில் கொஞ்சம்தான் மூத்தவர், ஆனால் வாயில் மிகவும் மூத்தவர். முருகன் கோயில் அன்னதான மண்டபத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சமையல் கிடாரம் கழுவியபோது கேட்டார்.

"இத்தினை வருசமா இந்த நாட்டிலை என்ன பாத்தனீர்?"

"கோயில் பாத்தனான். கலியாண மண்டபம் பாத்தனான். கேஷ் அண்ட் கரி கடை பாத்தனான்."

"அப்ப ஒண்டும் பாக்கேல்லை. நாளைக்கு வெளிக்கிடும்."

"எங்கை அக்கா?"

"தண்டவாளம் போய்க் கடலிலை முட்டுற இடத்துக்கு."

அப்படித்தான் லீ. அப்படித்தான் விட்ஸ்டபிள், ரை, ஹேஸ்டிங்ஸ். காலையில் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளிக்கிடுவோம். பழைய ஊர்களில் கல் பதித்த ஒழுங்கைகள் காலைக் கடிக்கும். அக்கா முன்னால் போவார், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால். தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே போய் இருப்போம். "ஆரின்ரை வீடெண்டாலும் கதவு திறந்திருந்தால் கும்பிட்டிட்டுப் போறதுதான்" என்பார். ரையில் ஒரு மேட்டில் நின்று கையை நீட்டிக் காட்டினார். முந்தி அந்த ஊரின் காலடி வரைக்கும் கடல் வந்ததாம். பிறகு அது விலகிப் போய்விட்டதாம். நான் பார்த்தேன், கண்ணுக்கு எட்டின தூரம் புல்லும் செம்மறியும்தான். கடல் விட்டுப் போன பிறகும் அந்த ஊர் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தவில்லை. பூச்சட்டி தொங்கவிட்டு, கதவுக்குப் பெயின்ட் அடித்து, தேத்தண்ணீர்க் கடை வைத்துக்கொண்டு இருக்கிறது. எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

போன மாரியில் சுவிஸ் அக்கா மகனோடு இருப்பதற்குத் திரும்ப சுவிசுக்கே போய்விட்டார். கிறிஸ்மஸ் போனது, பொங்கல் போனது. யன்னலால் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாள் இருப்பது? குளிர் கொஞ்சம் விட்டதும் மகளிடம் சொன்னேன்.

"ஹேஸ்டிங்சுக்குப் போட்டு வரப்போறன்."

"ஆரோடை?"

"என்னோடை."

அவள் சாப்பாட்டுக் கையோடு எழும்பிவிட்டாள். "அம்மா, உங்களுக்கென்ன விசரே? இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, விழுந்தால் தூக்க ஆளில்லை. மூண்டு ரயில் மாற வேணும்."

"மாறத் தெரியும்."

"அக்கா மாத்தினவ. நீங்கள் பின்னாலை போனனீங்கள்."

அது என்னைச் சுட்டது. மருமகன் நடுவில் வந்தார். அவர் எப்போதும் சமாதானக்காரர். "ஒருக்கால் விட்டுப் பாப்பமே" என்றார். அன்று ஒரு பேச்சு முடிவானது. நான் ஒரு தடவை தனியாகப் போய் வருவது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஒழுங்காக வீடு வந்துவிட்டால், அதற்குப் பிறகு மகள் வாய் திறக்கக் கூடாது. தவறினால், இனித் தனிப்பயணம் என்ற பேச்சே இல்லை. நான் சம்மதித்தேன். நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்ல என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த வலையை விரித்தாள்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. ஸ்ட்ராட்போர்டில் மாறினேன், ஆஷ்போர்டில் மாறினேன், ரையில் இறங்கிச் சாய்ந்த வீடுகளுக்கு நான் வந்திருக்கிறேன் என்று காட்டிவிட்டு அடுத்த ரயிலில் ஹேஸ்டிங்ஸ் போனேன். கறுப்புக் கொட்டில்களைக் கண்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நானாகவே வந்து சேர்ந்த முதல் கடல் அது.

அந்த ஊரில் படகு நிற்கத் துறைமுகம் இல்லை. படகுகளைக் கம்பி போட்டு இழுத்துக் கல்லுக்கரையிலேயே ஏற்றி வைப்பார்கள். சுற்றிவர வலை, கயிறு, கொடி, துருப்பிடித்த இயந்திரங்கள். அதற்குள் ஒரு மனிதர் பலகை ஒன்றை வைத்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் ரப்பர் காற்சட்டை, காதுவரை கம்பளித் தொப்பி. அக்காவோடு வந்த காலங்களிலும் அவரைக் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை. இன்று யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. நின்று பார்த்தேன். கத்தி ஒரு தடவை போகும், தலை வேறு உடல் வேறு. உடல் வெள்ளைத் தட்டுக்குப் போகும். தலை ஒரு நீலப் பெட்டிக்குள் விழும். என்ன தலைகள்! ஒவ்வொன்றும் என் இரண்டு கையும் சேர்ந்த அளவு. கண் பளபளவென்று இருக்கிறது. செவுள் இரத்தச் சிவப்பு. லண்டனில் காசு கொடுத்தாலும் இப்படிக் கிடைக்காது.

வெள்ளைக்காரர் தலை சாப்பிடுவதில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மனோர் பார்க்கில் மீன்கடைக்காரர் வெட்டும்போதே, "தலை வேணுமோ அக்கா, எறியவோ?" என்று கேட்பார். ஆகவே அந்தப் பெட்டி குப்பைக்குப் போகிறது என்று என் மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பெட்டியைக் காட்டினேன், என்னைக் காட்டினேன், என் இங்கிலீசில், "திஸ், மீ, பிளீஸ்?" என்றேன்.

அவர் கத்தியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். என் பழைய கோட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்னவோ நீளமாகச் சொன்னார், காற்று அதை அள்ளிக்கொண்டு போனது. நான் திரும்பவும் "பிளீஸ்" என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு வாளி ஐஸ் அள்ளி அதன்மேல் கொட்டி, மூடியை அழுத்தி, பெட்டியைக் கயிற்றால் கட்டிக் கைபிடி வைத்து என்னிடம் தந்தார். காசு எடுக்கப் போனேன், கையை ஆட்டினார். பெட்டியைத் தட்டி, "பிரிங் பேக், மை லவ்" என்றார். அது நன்றாக விளங்கியது. இந்த நாட்டில் முன்பின் தெரியாத ஆட்கள் "மை லவ்" என்பார்கள். முதன்முதல் கேட்டபோது நான் திடுக்கிட்டுப்போக, சுவிஸ் அக்கா, "பயப்படாதையும், உம்மைக் கட்டக் கேக்கேல்லை" என்று சிரித்தது நினைவு வந்தது.

வந்த வழியே ரயில் ஏறினேன். ஐஸ் உருக உருக மணமும் எழும்பியது. பக்கத்தில் இருந்த பெரிய மனிதர் பேப்பரை மடித்துக்கொண்டு அடுத்த ரயில்பெட்டிக்குப் போனார். முன்னால் இருந்த பெண் கழுத்துச் சால்வையை மூக்குக்கு ஏற்றினாள். எனக்கு ரோசம். எழும்பிப் போய்க் கதவுப்பக்கம் நின்றேன், பெட்டி என் கால்களுக்கு நடுவில். ஆஷ்போர்டில் கதவு திறந்ததும் எல்லாருக்கும் முதல் இறங்கி, பாரத்தைத் தூக்கிக்கொண்டு லிப்டில் ஏறி, எதிர்ப்பட்ட மேடையில் நின்ற ரயிலில் இருந்துவிட்டேன். பலகையைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தேன், தண்ணீர் ஒழுகுகிறதா என்று.

லண்டன் ரயில் என்றால் அது ஓடுகிற ஓட்டத்தில் காது அடைக்கும். இது அடைக்கவில்லை. வெளியே ஒரு சின்ன ஆறு, வில்லோ மரங்கள், ஆறுதலாக மேய்கிற செம்மறிகள். வெயில் வரக்கூடாத பக்கத்தால் வந்தது. மாறி ஏறிவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பதறவில்லை. பெரிய ஊர் ஒன்று வரட்டும் என்று இருந்து இறங்கினேன். பலகையில் முதல் எழுத்து சீ, கடைசி வை, பெயர் நீளம். கன்டபரி. வீட்டுக் கூரைகளுக்கு மேலே தூரத்தில் ஒரு பழைய கோபுரம் தெரிந்தது. அந்த நிலையிலும், இதைப் பார்க்க ஒரு நாள் வர வேண்டும் என்று நினைத்தேன், பாருங்கள்.

ஸ்டேஷனில் வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண்ணிடம் டிக்கெட்டைக் காட்டினேன். அவள் என்னையும் பெட்டியையும் பார்த்து மூக்கைச் சுருக்கி, பிறகு சிரித்து, என்னை நீள வாங்கில் இருத்தி, அங்கிருந்தே நேராக ஸ்ட்ராட்போர்டுக்கு ஒரு ரயில் வரும் என்று விரலால் காட்டி விளங்கப்படுத்தினாள். பெட்டியைக் காட்டி, "பிஷ்" என்று சொல்லி என் தலையைத் தொட்டேன். தன் நாட்டிலும் தலைதான் ருசி என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த நேரம் போன் அடித்தது. மகள்.

"எங்கை நிக்கிறியள்?"

"கன்டபரியிலை."

"கன்டபரியோ! அங்கை ஏன் போனனீங்கள்?"

"நான் போகேல்லை. ரயில் கொண்டந்து விட்டது."

"அம்மா..."

"பயப்படாதை பிள்ளை. நேர் ரயில் வருதாம். நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. நீதான் கூப்பிட்டனீ."

"வீட்டை வாங்கோ, கதைப்பம்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. கதவைத் திறந்தவள் வாயைத் திறக்க முதலே மூக்கு திறந்துவிட்டது.

"உதென்ன?"

"மீன் தலை. நல்ல பிரஷ்."

"இண்டைக்கு என்ன கிழமை?"

அப்போதுதான் உள்ளே சாம்பிராணி மணம் எனக்கு வந்தது. சாமி அறையில் விளக்கு எரிகிறது. வெள்ளிக்கிழமை! எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைப்பதில்லை. கடைசியாக எப்போது இந்த வீட்டுக்குள் வெள்ளிக்கிழமை மீன், மச்சம் வந்தது என்று கேட்டால், வந்ததே இல்லை. பயணம் வெளிக்கிட்டால் எனக்குக் கிழமை மறந்துபோகும். அதிலும் அந்தச் செவுளைப் பார்த்தபோது முருகனே மறந்துபோனார்.

மருமகன் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "மாமி, சாமிக்குப் படைக்கவோ கொண்டந்தனீங்கள்?" என்றார்.

"நீங்கள் சும்மா இருங்கோ!" என்று மகள் அவர்மேல் பாய்ந்தாள். என்மேல் பாய முடியாத கோபம்.

பெட்டி வீட்டு வாசற்படி தாண்டவில்லை. பக்கத்து ஒழுங்கையால் பின்வளவுக்குக் கொண்டுபோய், கொட்டிலில் வைத்து, புது ஐஸ் போட்டு, இரவில் வளவுக்குள் வருகிற நரி திறக்காமல் மூடிமேல் செங்கல் அடுக்கினார் மருமகன். நான் குளித்துவிட்டு வந்து சாப்பிட இருந்தேன். மகள் பருப்பை வைத்தாள், கீரையை வைத்தாள், பிறகு சொன்னாள்.

"சொன்னது சொன்னதுதான் அம்மா. இனித் தனியப் போறேல்லை."

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? தோற்றவள் நான்தான். அன்று சாப்பாடு இறங்கவில்லை. மீனுக்காக அல்ல. அந்தக் கறுப்புக் கொட்டில்களை இனி யாருடைய நேரத்துக்கோ காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்று நினைத்ததால்.

மறுநாள் காலை பெட்டி மூடியில் நரியின் நகக் கீறல்கள் இருந்தன. செங்கல் அசையவில்லை. சனிக்கிழமை, எல்லாருக்கும் விடுமுறை. நான் கூழ் காய்ச்சினேன். கடையில் பனங்கிழங்கு ஒடியல் மா வாங்கினோம், பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை. புளி கரைத்து, செத்தல் மிளகாய் அரைத்து, அந்தத் தலைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். பெரிய கிடாரம் வீட்டில் இல்லாததால் கோயிலில் இருந்து கேட்டு வாங்கினோம். மருமகனின் தமையன் குடும்பம் ஹரோவில் இருந்து வந்தது. சின்னவர்கள் இங்கிலீசில் கத்திக்கொண்டு மக்கில் ஊற்றி ஊற்றிக் குடித்தார்கள். மகள், வெள்ளிக்கிழமை அவ்வளவு குதித்தவள், அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, "கண் எனக்கு" என்றாள். சின்னப்பிள்ளையில் இருந்து கண் அவளுக்குத்தான். எடுத்து வைத்திருந்தேன்.

எல்லாரும் போன பிறகு பெட்டியைச் சவர்க்காரம் போட்டு, தேசிக்காய்த் தோல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவிட்டேன். மகள் அதை நிமிர்த்திப் பார்த்தாள்.

"நல்ல பெட்டி அம்மா. உடுப்புக் கிளிப் போட்டு வைக்கலாம்."

"அது அந்த மனுசன்ரை. திருப்பிக் குடுக்க வேணும்."

"சரி, தபாலிலை அனுப்புவம்."

"வெறும் பெட்டியையோ?"

பெட்டியைத் திரும்பக் கவிழ்த்தாள். எங்கள் வீடுகளில் ஒருவர் தந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்புவதில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பாகிஸ்தான் பெண் பெருநாளுக்குப் பிரியாணி தந்துவிடுகிற டப்பாவை மகள் என்றைக்காவது வெறுமையாகக் கொடுத்திருக்கிறாளா? லண்டனில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் அவள் கை அதைச் செய்யாது.

"நீங்கள் வேணுமெண்டுதானே இப்பிடிச் செய்யிறியள்?"

"நான் தனியப் போறன் எண்டு சொல்லேல்லை. பெட்டி போக வேணும் எண்டுதான் சொல்லுறன்."

"நான் காரிலை கூட்டிக்கொண்டு போறன். குடுத்திட்டு உடனை வாறது."

"உன்ரை விருப்பம்."

என்ன போட்டு அனுப்புவது என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. நான் மீன் கட்லட் என்றேன். "மீன்காரருக்கே மீனோ மாமி?" என்றார் மருமகன். கடைசியில் பயத்தம் பணியாரம் சுட்டேன், தட்டை வடை போட்டேன், மரக்கறி ரோல்ஸ் உருட்டினேன். வடைக்கு உறைப்பைக் குறைத்தேன். குறைத்தேன் என்றுதான் நினைத்தேன். பெட்டி விளிம்புவரை நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை உடுத்து, கலியாணங்களுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். கடற்கரையில் தேத்தண்ணீர் விற்கிற பெண் என்னைக் கண்டதும் கை காட்டினாள். கல்லில் குந்தியிருந்த கிழவர் ஒருவர் தொப்பியைத் தூக்கினார். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "உங்களை இஞ்சை ஆக்களுக்குத் தெரியுமோ?" என்றாள். "முகம் தெரியும்" என்றேன், பெரிதாக எடுக்காத மாதிரி.

அந்த மனிதர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் மீன் விற்கிற பெண், அவருடைய தங்கை, எங்கள் கையில் நீலப் பெட்டியைக் கண்டதும் ஓடி வந்தாள். மகளைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து இங்கிலீசில் கொட்டினாள். மகளின் முகம் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நின்றுபோனது.

"என்ன சொல்லுறா?"

"அம்மா, அது எறியிற தலை இல்லையாம். சிங்கிறால் பிடிக்கிற கூட்டுக்குள்ளை வைக்கிற இரையாம். உங்களுக்குத் தந்ததாலை இவரின்ரை கூடெல்லாம் வெறுமையாக் கிடந்ததாம். கரை முழுக்க இவரைப் பகிடி பண்ணினதாம்."

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். "ஐயோ. அப்ப ஏன் தந்தவர்?"

மகள் சொல்லத் தயங்கினாள். "சொல்லு" என்றேன்.

"நீங்கள் பசியிலை கேட்டதெண்டு நினைச்சவராம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு நாளும் கை நீட்டாதவள் நான். என்னைப் பார்த்து ஒருவர் பசி என்று நினைத்திருக்கிறார். அந்தப் பழைய கோட்டும், "பிளீஸ், பிளீஸ்" என்ற என் இங்கிலீசும்! அப்படியே திரும்பிக் காருக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் வந்தது. அவரைப் பார்த்தேன். என்னைவிட அவர்தான் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார், தங்கை போட்டு உடைத்துவிட்டாள் என்று. அப்போது எனக்கு வேறொன்று விளங்கியது. ருசிக்குக் கேட்கிறேன் என்று தெரிந்து தந்திருந்தால் அது ஒரு நல்ல மனிதர் செய்கிற சின்ன உதவி. யார், எவர் என்று தெரியாத ஒரு கிழவிக்குப் பசி என்று நினைத்து, தன் தொழிலுக்கு வைத்திருந்ததை ஐஸும் போட்டுக் கட்டித் தந்தவர் இவர். கயிற்றில் எனக்குக் கைபிடியும் வைத்துத் தந்தார். என் ரோசத்தை வைத்துக்கொண்டு இதற்கு முன்னால் நிற்க முடியுமா?

மகளை விலக்கிவிட்டு நானே முன்னுக்குப் போனேன். "நோ ஹங்கிரி" என்றேன். வயிற்றைத் தட்டிக் காட்டினேன். "பிக் பார்ட்டி. ஆல் பமிலி." கையால் கிடாரம் எவ்வளவு பெரிது என்று காட்டினேன். "வெரி வெரி தேங்க் யூ." பெட்டியை அவர் கையில் வைத்தேன்.

அவர் மூடியைத் திறந்தார். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு ஒரு வடையை எடுத்துக் கடித்தார். மென்றார். பிறகு கண்ணால் தண்ணீர் வந்தது. தங்கை கைகொட்டிச் சிரித்தாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தார். பக்கத்துப் படகுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டிக்குள் கை விட்டார்கள். பணியாரம்தான் முதலில் முடிந்தது. மகள் அவர்களுக்குப் பயறு, தேங்காய், சர்க்கரை என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். அவசரமாகத் திரும்ப வேண்டும் என்று வந்தவள், கோட்டைத் திறந்துவிட்டுக் கல்லில் இருந்துகொண்டாள். கூட்டுக்கு எப்படி இரை வைப்பது, படகை எப்படிக் கரைக்கு ஏற்றுவது என்று நான் கேட்க நினைத்து இங்கிலீசு இல்லாமல் விட்டதையெல்லாம் அவள் கேட்டு எனக்குச் சொன்னாள். என் பிள்ளை வீட்டுக்கு வெளியே இப்படி ஆறுதலாக இருந்து நான் பார்த்துக் கனகாலம்.

வெளிக்கிடுகிற நேரம் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது அதில் ஐஸ் இருந்தது. ஐஸுக்குக் கீழே தலைகள். தலைகளுக்கு மேலே ஒரு முழு மீன் வேறு.

"நோ, நோ" என்று மகள் எழும்பினாள். "உங்கடை இரை!"

சிங்கிறால்கள் இந்தக் கிழமை சாப்பிட்டுவிட்டன என்றாராம். எங்கள் வழக்கத்தை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மூடியை அழுத்தி, அதே மாதிரிக் கயிறு கட்டி, என் கையில்தான் தந்தார்.

திரும்பும் வழியில் எனக்கு நித்திரை வந்துவிட்டது. கண் விழித்தபோது கார் யன்னல்கள் நான்கும் திறந்திருந்தன. குளிர் காற்று முகத்தில் அடித்தது. மகள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் பெட்டி, அதற்கும் சீட் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தாள். ஒரு வளைவில் திரும்பியபோது உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது.

"ஒழுகுதோ?" என்றேன்.

"ஒழுகிப்போட்டுது. சீற்றெல்லாம் ஊறிப்போச்சு. நாளைக்கு இந்தக் காரிலைதான் நான் வேலைக்குப் போக வேணும்."

கொஞ்சத் தூரம் போனபின் அவளே கேட்டாள்.

"இந்தப் பெட்டியையும் திருப்பிக் குடுக்க வேணும் என்ன?"

"வேணும்தானே."

"வெறுமையாக் குடுக்கேலாது."

"ஏலாது."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அதற்குள் சிரிப்பும் இருந்தது, எனக்குத் தெரியும், நான் பெற்றவள்.

"அடுத்த முறை நீங்கள் ரயிலிலையே போங்கோ அம்மா. ஆஷ்போர்டிலை மட்டும் பெட்டியைப் பாக்காமல் பலகையைப் பாருங்கோ."

"ஓம்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வேண்டாம்."

"வேண்டாம்" என்றேன்.